பலேர்மோவில் வெளுத்த வலைகள்

பேசாலை, மன்னார்
12 மே 1996

அகஸ்ரின்,

‘அன்புள்ள தம்பிக்கு’ என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். கை ஓடவில்லை. மூன்று வருடமாக உனக்கு நான் கடிதம் போடவில்லை. இப்போதும் உன் சுகம் விசாரிக்க எழுதவில்லை. உங்கள் கோட்டுகள் வந்து சேர்ந்துவிட்டன, அதற்காக எழுதுகிறேன்.

நேற்று முகாமுக்கு லொறி வந்தது. ‘பலேர்மோ மக்களின் அன்பளிப்பு, இத்தாலி’ என்று தாளில் எழுதி, கீழே மொழிபெயர்ப்பாளர் என்று உன் பெயரும் இருந்தது. சனம் வெயிலில் மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றது. பெட்டியை உடைத்தால் கம்பளிக் கோட்டு. அடுத்த பெட்டியிலும் கம்பளிக் கோட்டு. மூன்றாவதில் குதி உயர்ந்த சப்பாத்துகள், பனியில் போடுகிற கையுறைகள். இங்கே மண்ணில் வெறுங்காலை வைக்க முடியாத வெயில். ஒருவன் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையுறையும் மாட்டி, கூப்பன் மாவு வரிசையில் போய் நின்று எல்லாரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன். பிறகு கொட்டிலுக்கு வந்து அழுதேன்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களில் யாராவது ஒருத்தர் கேட்டீர்களா?

சொல்கிறேன், கேள். கரையில் பன்னிரண்டு வள்ளம் கவிழ்த்தபடி கிடக்கிறது. வலை ஒன்றுகூட இல்லை. இடம்பெயர்ந்தபோது எரிந்தது பாதி, உக்கியது மீதி. நிவாரண அலுவலகத்து ஐயா போன கிழமை வந்து மாதர் சங்கத்தைக் கூட்டினார். வருகிற ஜனவரிக் கடைசியில் அவர்கள் ஒரு பட்டியல் எடுப்பார்களாம். அதற்குள் பன்னிரண்டு வள்ளமும் வலையோடு தொழிலுக்கு இறங்கினால், நாற்பது குடும்பத்துக்கும் கரையிலேயே வீடு கட்ட உதவி. இறங்காவிட்டால் ‘வருமானமில்லாதோர்’ என்று எழுதி, உள்ளே காட்டுப் பக்கமுள்ள முகாமுக்கு ஏற்றி விடுவார்கள். கடற்கரைச் சனத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டால் என்ன செய்யும்? வாழ்நாள் முழுக்கக் கூப்பன் மாவுக்குக் கைநீட்டும்.

சங்கத் தலைவி நான். ‘வலை வரும், நான் பொறுப்பு’ என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டேன். சொன்னபோது என் மனதில் வந்தது உன் முகம்தான். ஏன் வந்தது என்று எனக்கே கோபம்.

உன் அத்தான் இராயப்பு கடலில் போனபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ‘அந்த வெடில் பிடித்த தொழிலை அத்தான் எப்போதோ விட்டிருக்கவேண்டும்’ என்று எழுதினாய். செத்த வீட்டுக்கு எழுதுகிற கடிதமா அது? அந்த மீன் நாற்றத்தில், அந்த வெடிலில்தான் நீ வளர்ந்தாய். மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். வலை அனுப்பு.

அற்புதமலர்


பலேர்மோ
9 யூன் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைத் தபாலுறையில் பார்த்ததும் மாடிப்படியிலேயே குந்திவிட்டேன். படி துடைக்க வைத்திருந்த வாளி உருண்டு இரண்டு மாடி கீழே போனது. பேச்சு வாங்கினேன். பரவாயில்லை.

கோட்டு விஷயத்தில் பிழை என்னுடையதுதான். எங்கள் மாதா கோயில் கமிட்டிக்குத் தலைவி லோ வெர்சோ அம்மா; இங்கே ‘சிஞ்ஞோரா’ என்பார்கள். பொலிதேயாமா நாடக அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிற அவ வீட்டில்தான் எனக்கு வேலை. சமையலறை, படிக்கட்டு, உடுப்பு அழுத்துவது எல்லாம் நான்தான். நல்ல மனுசி. இலங்கையில் போரில் அகப்பட்ட சனத்துக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று முதலில் சொன்னதும் அவதான். கூட்டத்தில் ஒருநாள், ‘இப்போது அங்கே காலநிலை எப்படி?’ என்று கேட்டார்கள். வாடைக்காற்று அடிக்கும், மழை பெய்யும், சனம் கூடாரத்தில் நடுங்கும் என்று கொஞ்சம் உருக்கமாகச் சொல்லிவிட்டேன். இஞ்சை இருக்கிறவர்களுக்குக் காற்றும் மழையும் நடுக்கமும் என்றால் பனிக்காலம்தானே. அடுத்த கிழமை கோயில் மண்டபம் நிறையக் கோட்டு. கொண்டுவந்து குவித்தவர்களின் முகத்தைப் பார்த்தபிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலை கேட்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். இங்கே உள்ள எங்கள் ஆட்களுக்கு நான் கடலுக்குப் போனவன் என்று தெரியாது. வந்த புதிதில் ஒருத்தர் கேட்டபோது, ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்தேன் என்று சொல்லிவிட்டேன். அது அப்படியே நிலைத்துவிட்டது. ‘மனேச்சர் அண்ணை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிளறாவுக்குக்கூடக் கலியாணம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் சொன்னேன். அவள் ஒரு கிழமை சிரித்தாள்.

வலையைப் பற்றி விபரமாகக் கதைத்தால், ‘சங்கக்கடைக்காரனுக்கு இது எப்படித் தெரியும்’ என்று கேட்பார்கள் அல்லவா? அதுதான் யோசிக்கிறேன். என்றாலும் முயற்சி செய்கிறேன்.

அந்தக் கடிதத்தைப் பற்றி என்ன எழுத. அத்தானை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துக்கத்தில் யாரையாவது குற்றம் சொல்லவேண்டும்போல இருந்தது. கடலைச் சொல்லப் போய் உங்களைச் சுட்டுவிட்டேன்.

உங்கள் தம்பி
அகஸ்ரின்


பேசாலை
20 யூலை 1996

மதிப்புக்குரிய சங்கக்கடை மனேச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சீனி, பருப்பு, மண்ணெண்ணெய் இருப்பு எப்படி?

பத்து வயதில் வலை பொத்தி, பதின்மூன்றில் வள்ளம் தள்ளியவன் மனேச்சராம். உன் பொய்யை நீயே வைத்துக்கொள், அது எனக்குத் தேவையில்லை. எனக்குத் தேவையான வலையின் அளவு கீழே.

கும்பளா மீனுக்கும் பாரைக்கும் போடுகிற வலை. கண் இரண்டு விரல் அகலம். உன் விரல் அல்ல, அத்தானுடைய விரல். அளவுக்கு இந்தக் கடிதத்தோடு ஒரு ஓலைத் துண்டு வெட்டி வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. வள்ளத்துக்கு இரண்டு வலையாவது வேண்டும். பழசு என்றாலும் சரி, கிழிசல் என்றாலும் சரி. பொத்துவதற்கு இங்கே நாற்பத்துமூன்று பெண்கள் இருக்கிறோம்.

ஓகஸ்ட் பிறக்கப் போகிறது. உன் வெட்கம் தீரும்வரை பட்டியல் காத்திருக்காது.

அற்புதமலர்


பலேர்மோ
22 செப்டெம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். முப்பத்தொரு வலை! வருகிற வியாழன் பலேர்மோ துறைமுகத்தில் கப்பலேறுகிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். செப்டெம்பர் முதல் கூட்டத்தில் எழும்பி, வலை வேண்டுமாம் என்றேன். சிஞ்ஞோரா கண்ணாடியைக் கழற்றினா. நிவாரணம் என்றால் சாப்பாடு, உடுப்பு, மருந்து. வலை என்றால் அது வியாபாரம், கமிட்டியின் விதியில் இல்லை என்றா. எங்கள் ஆட்களில் அருளம்பலத்தாரும், ‘மனேச்சர், உமக்கு ஏன் இந்த மீன் கதை?’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் அக்கா என்னைக் கிளப்பியது. எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னேன்: “நான் மனேச்சர் இல்லை. மீன்பிடிக்கிறவன். என்ர அப்பன், பாட்டன், அக்காவின்ர புருசன் எல்லாரும் மீன்பிடிக்கிறவை. நீங்கள் குடுக்கிற மா ஒரு கிழமைக்குக் காணும். ஒரு வலை அஞ்சு வருசத்துக்குச் சோறு போடும்.”

என் காது சுட்டது. பிறகு பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு கிழவி கைதட்டத் தொடங்கினா. அவவின் தம்பி பெப்பே, போர்த்திச்செல்லோ என்ற கரையோர ஊரில் மீன்பிடிக்கிறவராம்.

மறுநாளே நானும் கிழவியும் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலேறிப் போனோம். பெப்பே என்னை மேலும் கீழும் பார்த்தார். என் சப்பாத்து அன்றைக்கு நல்ல மினுக்கமாக இருந்தது, அதுதான் சந்தேகம். ஒன்றும் பேசாமல் ஒரு கிழிந்த வலையைத் தூக்கி மடியில் போட்டு, ஊசியை நீட்டினார். எட்டு வருடம் அக்கா! இரண்டு முடிச்சுக்கு விரல் தடுமாறியது. மூன்றாவதில் தானாக ஓடத் தொடங்கியது. நான் நிமிர்ந்தபோது சுற்றிவர ஏழெட்டுப் பேர். பெப்பே என் முதுகில் போட்ட அடி இன்னும் நோகிறது. அவர்கள் தந்த பழைய வலைகளை ஓலைத் துண்டை வைத்து அளந்து அளந்து எடுத்தோம்.

கமிட்டியும் சம்மதித்தது, ஆனால் ஒரு நிபந்தனை போட்டது. வலை நாறுகிறது, குழந்தை உடுப்பும் பால்மாவும் போகிற அதே கொள்கலனில் ஏற்றுவதென்றால் சுத்தமாக இருக்கவேண்டும். சுத்தம் என்றால் பலேர்மோவில் எங்களை அடிக்க யார் இருக்கிறார்கள்? இந்த நகரத்தின் பாதிப் படிக்கட்டு எங்கள் கையால்தான் மினுங்குகிறது. போன ஞாயிறு பூசை முடிய இருபத்திரண்டு பேர் கோயில் முற்றத்தில் இறங்கினோம். பெரிய தொட்டிகளில் வரெக்கினா ஊற்றினோம். இங்கே துணி வெளுக்க, குளியலறை கழுவ எல்லாவற்றுக்கும் பாவிக்கிற மருந்து அது. நன்றாகக் காரமாகக் கலந்து காலையிலிருந்து பின்னேரம் வரை ஊறவிட்டோம். பாசி, செதில், வெடில் எல்லாம் போய், வலை கலியாணப் பெண்ணின் முக்காடுபோல வெள்ளை. சிஞ்ஞோரா முகர்ந்து பார்த்து, ‘என் படுக்கை விரிப்பைக்கூட இவ்வளவு சுத்தமாகத் தோய்க்கவில்லையே’ என்று என்னை முறைத்தா.

மனேச்சர் பட்டம் போய்விட்டது. இப்போது பத்து வள்ளத்துக்குச் சொந்தக்காரன்போல ‘சம்மாட்டியார்’ என்று கூப்பிடுகிறார்கள். இது பரவாயில்லை.

தம்பி
அகஸ்ரின்


பேசாலை
23 நவம்பர் 1996

அகஸ்ரின்,

உன் வலைகள் இம்மாதம் இருபத்தோராம் திகதி வந்தன. ஊரே கரைக்கு வந்தது. அப்படி ஒரு வெள்ளை வலையை எங்கள் கண் கண்டதில்லை. கோயில் பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். கயிறு கோத்து, மிதப்பும் ஈயமும் சரிபார்த்து, அன்று பின்னேரமே பன்னிரண்டு வள்ளமும் இறங்கியது. இழுத்துப் பார்க்காமல் விட்டது என் பிழை. அந்தச் சந்தோசத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

விடிய வலையை இழுத்து வாங்கினார்கள். நல்ல மீன்பாடு. கும்பளா வெள்ளியாய் மின்னியதைக் கரையில் நின்ற நாங்கள்கூடக் கண்டோம். வள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் வலை பிய்ந்தது. ஒரு வலை இல்லை, எல்லாம். நனைந்த அப்பளத்தைத் தூக்கினால் எப்படிப் போகும், அப்படிப் போனது. பன்னிரண்டு வள்ளமும் கயிற்றையும் மிதப்பையும் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

பிறகுதான் நான் ஒரு துண்டை எடுத்து முகர்ந்தேன். ஆஸ்பத்திரி மணம். நைலோன் நூலை அந்த மருந்து தின்றுவிட்டது. கடலில் கிடக்கிற பொருளை யாராவது மருந்தில் ஊறப்போடுவானா? பிறந்த நாளிலிருந்து வலைக்குள் கிடந்த உனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் நீ எட்டு வருடமாகக் கழுவிக்கொண்டே இருக்கிறாய். முதலில் உன் உடம்பைக் கழுவினாய், பிறகு பெயரைக் கழுவினாய், கடைசியில் எங்கள் வலையையும் கழுவிவிட்டாய்.

சனத்தின் முகத்தில் முழிக்க முடியவில்லை. ‘மலரக்காவின்ர தம்பி அனுப்பின முக்காடு’ என்று தண்ணீர்க் குழாயடியில் சிரிக்கிறார்கள். பக்கத்துக் கொட்டில் ஞானம்பிகை மட்டும் வந்து அருகில் இருந்தாள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் அந்தப் பட்டியலை நம்பித்தான் இருக்கின்றன.

கயிறு, மிதப்பு, ஈயம் எல்லாம் பழுதில்லை. பின்னுவதற்குக் கைகளும் இருக்கின்றன. நூல் இல்லை. கொழும்பிலிருந்து எடுப்பிக்க எங்களுக்கு வசதியும் இல்லை. பட்டியலுக்கு இரண்டு மாதம் இருக்கிறது. கப்பலில் எதுவும் அதற்குள் வராது.

இனி எனக்கு எழுதாதே.

அற்புதமலர்


பலேர்மோ
12 டிசெம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்து எறிய முன் ஒருமுறை வாசியுங்கள்.

நீங்கள் எழுதியது அவ்வளவும் சரி. உங்கள் கடிதம் வந்த அன்று சமையலறையில் வரெக்கினாப் போத்தலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட்டியில் ஊற்றும்போது என் கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. மீன் வெடில் போகிறது என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதுதான் உண்மை. அதை எழுத வெட்கமாக இருக்கிறது, என்றாலும் உங்களுக்குத் தெரியவேண்டும்.

கப்பலில் உப்புத்தண்ணீர் பட்டுப் பழுதாகிவிட்டது என்று கமிட்டியில் சொல்லிவிடலாம் என்று எங்கள் ஆட்களே யோசனை சொன்னார்கள். வலை என்ன, உப்புத்தண்ணீர் பட்டால் பழுதாகுமா? நான் எழும்பி நேராகச் சொன்னேன்: “வலையைக் கெடுத்தது நான். மீன்பிடிக்கிறவன் எண்டு சொல்லி உங்களிட்டை வாங்கிப்போட்டு, கிளீனராய் நிண்டு கழுவிப்போட்டன்.” கழுவச் சொன்னது தான்தான் என்று சிஞ்ஞோராவும் எழும்பி நின்றா.

பெப்பேயிடம் போனேன். அடிப்பார் என்று நினைத்தேன். விசயத்தைக் கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடிய என்னைச் சங்கக் களஞ்சியத்துக்கு இழுத்துப் போனார். நைலோன் நூல் கட்டைகள், புத்தம் புதுசு, கூரை முட்ட. போர்த்திச்செல்லோ மீனவர் சங்கம் முழுவதும் கூடி எடுத்துத் தந்தது. ஊசிகளும் தந்தார்கள்.

நூல் கிடைத்தது, அனுப்புவது எப்படி? கிறிஸ்மஸ் நெருங்குகிறது, அப்போதுதான் கிளறா கேட்டாள்: “நத்தாருக்கு ஊருக்குப் போற சனத்தின்ர பெட்டிக்குள்ளை என்ன இருக்குது?” என்ன இருக்கும்? சொக்கிளேற், சென்ற், மிக்சி, மாமிக்குக் கைப்பை. ஒரு வருடமாகச் சேர்த்துச் சேர்த்து அடுக்கியது. இந்த முறை எங்கள் ஆட்களில் பதினொரு குடும்பம் ஒரே விமானத்தில் கொழும்புக்குப் போகிறது.

உங்கள் பெட்டிகளில் நூல் கொண்டுபோவீர்களா என்று ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கேட்டேன். ஆளையாள் பார்த்தார்கள். வெறுங்கையோடு ஊருக்குப் போவது என்றால் நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று உங்களுக்குத் தெரியும். கிளறா வீட்டுக்குப் போய்த் தன் பெட்டியைத் தூக்கிவந்து, எல்லார் முன்னாலும் கவிழ்த்தாள். தாய்க்கு வாங்கிய சட்டித் தொகுதி உருண்டு ஓடியது. அந்த இடத்தில் நூற்கட்டைகளை அடுக்கினாள். அடுத்து, ஊருக்குப் போகிற இன்னொருத்தி, அனிற்றா எழும்பினாள். பிறகு பார்க்கவேண்டும் நீங்கள்! அருளம்பலத்தார் சைவக்காரர், அவருக்கு நத்தாரும் இல்லை மீனும் இல்லை. தான் மகளின் சடங்குக்குக் கொண்டுபோகிற பெட்டியில் பாதியைத் தந்துவிட்டு, ‘சம்மாட்டியார், இந்த முறை தோய்க்காமல் குடும்’ என்றார். இருபத்தாறு பெட்டி அக்கா. மண்டபம் முழுக்கச் சொக்கிளேற் கிடக்கிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

பதினெட்டாம் திகதி விமானம். நான் வரமுடியாது; இங்கே தங்குவதற்கான அனுமதிப் பத்திரம், என் பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்துக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் கிடக்கிறது, அது இல்லாமல் வெளிக்கிட்டால் திரும்ப விடமாட்டார்கள். கிளறா வருவாள். வழியில் இராணுவத் தடைமுகாமில் காட்ட நிவாரண அலுவலகத்துக் கடிதமும் எடுத்திருக்கிறோம். இந்தக் கடிதத்தையும் அவள் கையில்தான் தந்துவிடுகிறேன். தபாலை நம்பிக்கொண்டிருக்க நேரமில்லை. அவளோடு கோபிக்காதீர்கள்.

நான் பின்னிய, இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாகம் நீள வலையும் அவள் பெட்டியில் இருக்கிறது. கண் உங்கள் ஓலைத் துண்டின் அளவு.

தம்பி
அகஸ்ரின்


பேசாலை
6 ஜனவரி 1997

தம்பி,

கிளறா நாளைக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் தருகிறேன். நேரமில்லை, விரலில் துணி சுற்றியிருக்கிறது, எழுத்துக் கோணும்.

இருபத்தாறு பெட்டியில் இருந்ததும் பத்திரமாக வந்தது. தாழ்வாரத்தில் நின்று உன் மனுசியை ஏற இறங்கப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து ரவுண்காரி, பட்டணத்துப் பிள்ளை, நகத்துக்குப் பூச்சு, இவள் எங்கே இந்த வெயிலில் நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன். கும்பிட்டுவிட்டு, “மச்சாள், முதலிலை எனக்கு முடிச்சுப் போடப் பழக்குங்கோ” என்றாள். இரண்டு கிழமையும் தரையில் இருந்து எங்களோடு பின்னினாள். நகப்பூச்சு எல்லாம் உரிந்துவிட்டது. நீ கட்டியவற்றில் நல்லது இவள்தான், உன் கட்டுக்கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோயில் மண்டபத்தில் நாற்பத்துமூன்று பெண்கள். நத்தார் பூசைக்கு மட்டும் எழும்பினோம். சிலர் பின்னுகிறார்கள், சிலர் கயிறு கோக்கிறார்கள், ஞானம்பிகையின் மாமியார் எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றியபடி பிழை பிடிக்கிறா. உன் கோட்டுகளைக்கூட வெட்டி, இருந்து பின்னுவதற்கு மெத்தை தைத்திருக்கிறோம். ஆக அதுவும் வீண்போகவில்லை என்று உன் சிஞ்ஞோராவுக்குச் சொல்.

ஒன்பது வலை முடிந்துவிட்டது. ஒவ்வொன்றையும் நாலு பேர் நின்று இழுத்துப் பார்க்கிறோம்.

நீ பின்னிய துண்டைப் பார்த்தேன். இரண்டு முடிச்சுத் தளர்வு. அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். மற்றவை பரவாயில்லை.

அக்கா


பேசாலை
2 பெப்ரவரி 1997

என் அன்புள்ள தம்பிக்கு,

கை ஓடுகிறது, பார்த்தாயா.

இருபத்துநாலு வலை. ஜனவரி இருபத்தொன்பதாம் திகதி, இருட்ட முன், பகலோடு முடிந்தது. கடைசி முடிச்சை யார் போடுவது என்று மண்டபத்தில் பெரிய சண்டை. கடைசியில் சனம் என்னைத் தள்ளிவிட்டது. உன் துண்டையும் அந்தக் கடைசி வலையின் நடுவில் வைத்துச் சேர்த்துத்தான் முடித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

முப்பதாம் திகதி பின்னேரம் வள்ளங்கள் இறங்கின. கடற்படைக் காவலில் பாஸ் பார்க்கிற சிங்களப் பெடியன் ஒவ்வொரு வலையையும் தூக்கிக் குடைந்து பார்த்தான். அவன் ஒரு முடிச்சை விரலால் நெருடிவிட்டு, உடைந்த தமிழில் கேட்டான்: “யார் பின்னினது? கையாலையா?” நாங்கள்தான் என்றேன். தான் நீர்கொழும்பாம், தன் தாயும் பின்னுவாவாம். வள்ளத்தைத் தள்ள அவனும் ஒரு கை கொடுத்தான். துவக்கை முதுகுக்கு மாற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான் தம்பி. இந்த ஏழு வருடத்தில் நான் அப்படி ஒன்றைக் காணவில்லை.

மறுநாள் காலை பட்டியல்காரர்கள் வருகிறார்கள். நாங்கள் விடிய முன்னரே கரையில். முதல் வள்ளம் தெரிந்தது. தண்ணீரில் தாழ்ந்து, மெதுவாக வந்தது. தாழ்ந்து வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கும்பளாவும் பாரையும் சூடையுமாக விளிம்பு முட்ட. பன்னிரண்டும் அப்படித்தான் வந்தது. ஒரு வலையில் ஒரு கண்கூட அறவில்லை! போன தடவை சிரித்தவர்கள் எல்லாரும் அழுகிறார்கள். ஞானம்பிகை என்னைத் தூக்கிச் சுற்றினாள், அவளை விட நான் இரண்டு மடங்கு பாரம்.

அலுவலகத்து ஐயா நிவாரணப் புத்தகத்தோடு வந்து நின்றார். ‘வருமானமில்லாதோர்’ என்ற பக்கத்தை விரித்து வைத்திருந்தார். “ஐயா, அந்தப் பக்கத்தை மூடுங்கோ” என்றேன். மீனைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், மூடினார். நாற்பது குடும்பமும் கரையில்தான். வீட்டுக்கு அத்திவாரம் அளக்கக் கயிறு பிடித்தாகிவிட்டது. போகும்போது அவருக்கு ஒரு பாரை கட்டிக் கொடுத்தோம். எங்களுக்கு அவர் மாக் கொடுத்த காலம் போய், நாங்கள் அவருக்கு மீன் கொடுக்கிறோம்.

இன்னும் ஒன்று. மற்றக் கரைகளில் இருந்து வலை பின்னித் தருவீர்களா என்று ஆள் வந்து கேட்கிறது. போர்த்திச்செல்லோவில் மிச்ச நூல் இருந்தால் அந்தப் பெப்பேக்கு என் வணக்கத்தைச் சொல்லிக் கேட்டு வை.

அத்தான் இருந்திருந்தால் அன்றைக்குக் கரையில் நின்று கத்தியிருப்பார். என் பெட்டியில் இருந்து உன் பழைய கடிதத்தை எடுத்தேன். அடுப்பில் போட்டேன். முடிந்தது.

இந்தத் தபாலுறைக்குள் ஒரு சாண் வலை வைத்திருக்கிறேன். முதல் மீன்பாட்டு வலையின் ஓரத்தில் வெட்டியது. செதில் ஒட்டியபடிதான் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். கழுவாதே.

உன் அக்கா
அற்புதமலர்


பலேர்மோ
24 பெப்ரவரி 1997

என் அன்புள்ள அக்காவுக்கு,

தபால்காரன் உறையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மூக்கைச் சுளித்தபடி வந்தான். வாசலிலேயே தெரிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தைக் கமிட்டியில் சொல்லுக்குச் சொல் வாசித்து மொழிபெயர்த்தேன். பாரையைக் கட்டிக் கொடுத்த இடத்தில் பெப்பே வாங்கில் ஏறி நின்று கத்தினார். நூல் இருக்கிறதாம், இல்லாவிட்டாலும் செய்விப்பாராம். சிஞ்ஞோரா மண்டபக் கதவில் புதுசாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறா: ‘எதையும் கொண்டுவர முன், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அகஸ்ரினைக் கேளுங்கள்.’

என் பெர்மெஸ்ஸோவும் வந்துவிட்டது. வேலை என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்றுதான் இருக்கிறது. குவெஸ்தூராவில் அதற்கு முன் என்ன தொழில் என்று கேட்டார்கள். மீன்பிடி என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த நத்தாருக்கு வருகிறேன். பெட்டியில் நூல் மட்டும்தான், சொல்லிவிட்டேன்.

வலைத் துண்டைச் சமையலறை யன்னலில் கொழுவியிருக்கிறேன். இரண்டு நாளாக வீடு முழுக்க வெடில். கிளறா சிரிக்கிறாள். நேற்று மேல்மாடிக் கிழவி கதவைத் தட்டி, என்ன இது நாற்றம், உங்களிடம் வரெக்கினா இல்லையா என்று கேட்டா.

இருக்கிறது என்றேன். கழுவவில்லை அக்கா.

உங்கள் தம்பி
அகஸ்ரின்